ரெண்டாம் பந்தி

தம்பி, அந்தப் பையைக் கீழே வைக்காதிய, இப்படிக் குடுங்க. எண்ணெய் இருக்கு அதுல. மேல வைக்கவும் முடியாது, ஒழுகிச்சுன்னா முன்னால இருக்கவரு தலைக்கு எண்ணெய்க் காப்பு ஆயிரும். மடியிலயே வச்சுக்கிடுதேன். திருச்சி வரைக்குந்தானே? நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. பேச்சுக்கு ஆளு இல்லன்னா தூங்கிருவேன். தூங்கினா இறங்கும்போது கழுத்து திரும்பாது. வயசாச்சுல்லா.

என்ன தம்பி, முகம் இப்படி வாடிக் கிடக்கு? காலையில ஒண்ணும் சாப்பிடலையா? சாப்பிட்டேன்னு சொல்லாதிய, ஒரு டீயைக் குடிச்சுட்டு பஸ்ஸு ஏறியிருப்பிய. பசியை எங்கிட்ட மறைக்க முடியாது, பாத்துக்கிடுங்க. ஆளு முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். இந்தாங்க, எலுமிச்சம்பழச் சாதம். வீட்டுல ரெண்டு பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கா. உருளைக்கிழங்கு காரமா இருக்கும், தண்ணியப் பக்கத்துல வச்சுக்கிடுங்க. அட, பிடிங்க தம்பி. கூச்சப்பட்டா பசி போயிருமா? ஒருத்தரு சாப்பிடுததைப் பாத்தாத்தான் எனக்கு மனசு நெறையும். அதுவே பொழைப்பாப் போச்சு எனக்கு. பொழைப்புன்னா சம்பளம் வாங்குத பொழைப்பு இல்ல.

கோமதிநாயகம்னு பேரு. அப்படிச் சொன்னா எங்க சொந்தத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. 'பந்தி கோமதி'ன்னு கேளுங்க, திருநெல்வேலி டவுன்ல இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லுவாவ. கல்யாண வீடுன்னா ஆளுக்கொரு வேலை இருக்கும்லா. ஒருத்தரு மொய் எழுதுவாரு, ஒருத்தரு நகைப்பெட்டிக்குக் காவல் இருப்பாரு, ஒருத்தரு மேளக்காரரோட சண்டை போடுவாரு. எனக்குப் பந்தி. யாரு உக்காரணும், யாரைக் காக்க வைக்கணும், மாப்பிள்ளை வீட்டுல எந்தப் பெரியவருக்குச் சக்கரை, எந்தக் கிழவி பூசணிக்காய் தொடாது, எல்லாம் எம் மண்டைக்குள்ள இருக்கும். நான் தாலி கட்டுததைப் பாத்ததே கிடையாது தம்பி. கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் அடுப்படியில நின்னபடிக்கே அட்சதையைக் காத்துல போட்டுட்டு, சாம்பாருக்கு உப்புப் பாக்கப் போயிருவேன்.

சாப்பிடுதது? அதெல்லாம் கடைசிப் பந்திக்கும் பின்னால, பாத்திரத்தைக் கழுவப் போடும்போது. ரசமும் மோரும் கிடந்தா உண்டு. அதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டது கிடையாது.

வருத்தமெல்லாம் இந்தக் காலேஜுப் பயலுவளாலதான்.

சொல்லுதேன், நீங்க சாப்பிடுங்க. மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு காலேஜோ யுனிவர்சிட்டியோ இருந்துட்டா நம்ம கதி அதோகதிதான். வெள்ளைச் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு, தலையைப் படிய வாரிக்கிட்டு வந்திருதானுவ. மொதப் பந்தியில உக்கார மாட்டானுவ. அங்க சம்பந்தி வீட்டுப் பெரிய ஆளுவ இருக்கும், மாட்டிக்கிடுவோம்னு தெரியும். மூணாம் பந்திக்கும் வர மாட்டானுவ. அங்க கூட்டு தீந்திருக்கும், ஆளும் கொறஞ்சிருக்கும். ரெண்டாம் பந்திதான். அதுல யாரு யாருன்னு யாருக்குமே தெரியாது. பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டு ஆளும்பான், மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணு வீட்டு ஆளும்பான். ரெண்டு பேருமே வாங்க வாங்கன்னு கும்பிடுவான். கை கழுவுத இடத்துக்குப் பக்கத்து வரிசையா, கடைசி இலையாப் பாத்து உக்காந்துட்டு, குனிஞ்ச தலை நிமிராமத் தின்னுட்டு, வாழைப்பழத்தைப் பையில போட்டுட்டுப் போயிருவானுவ.

அப்பனும் ஆத்தாளும் வயித்தைக் கட்டி அனுப்புததை சினிமாவுக்கும் செல்போனுக்கும் அழிச்சுட்டு, அடுத்தவன் வீட்டு இலையில கைய நனைக்க எப்படித்தான் மனசு வருதோ. வளப்பு சரியில்ல. நான் அப்படித்தான் சொல்லுவேன்.

ஏன் தம்பி நிறுத்திட்டிய? உங்களைச் சொல்லல. நான் குடுத்து நீங்க சாப்பிடுதிய, அது வேற. அழைச்சுச் சாப்பிடுததுக்கும் அழைக்காமச் சாப்பிடுததுக்கும் வித்தியாசம் இல்லையா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க.

எம்பையனும் யுனிவர்சிட்டிலதான் படிக்கான். திருச்சிலயேதான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சிவசைலம்னு பேரு, எங்கப்பா பேரு அது. வீட்டுல சைலம்னு கூப்பிடுவோம். தங்கமான பிள்ளை. நான் பெத்ததுக்காகச் சொல்லல. முதல் வருஷம் ஆஸ்டல் மெஸ்ஸுலதான் சாப்பிட்டான். நான் கணக்கெழுதிக்கிட்டு இருந்த உரக்கடையை முதலாளி மூடினாரு பாருங்க, அந்த மாசமே போன் போட்டான். "அப்பா, மெஸ் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல, நின்னுட்டேன். ரூம்ல நாங்களே சமைச்சுக்கிடுதோம். நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்"னான். என் வயித்துல பாலை வார்த்தான். நாம கஷ்டத்தைச் சொல்லாமலே இருந்தோம், அவனுக்காகவே மெஸ் ஒத்துக்காமப் போயிட்டு பாருங்க. எல்லாம் நேரம்.

அவன் அம்மாதான் தெனமும் நொச்சு நொச்சுன்னு கேப்பா. "என்னய்யா சமைச்சிய?" "தக்காளி சாதம்மா." மறுநாளும் கேப்பா. "தக்காளி சாதம்மா." அடுத்த நாளும் தக்காளி சாதம். "உனக்குத் தக்காளியே ஆகாதேடா"ன்னா ஒருநா. அதுக்கு அவன் சிரிக்கான். வெளியூருல போயி இருந்தா பிள்ளைய எல்லாம் சாப்பிடப் பழகிரும்னு நான் அவளை அடக்கினேன். பொம்பளையளுக்கு எதுலயும் சந்தேகம்.

இன்னொண்ணு கேளுங்க. எனக்கு அவன்மேல பெருமை என்னன்னா, போன இடத்துல எல்லாம் ஆளு சம்பாதிச்சு வச்சிருக்கான். முகூர்த்தம் தவறினாலும் அவனுக்குக் கல்யாண அழைப்பு தவறாது. பிரண்டோட அக்கா கல்யாணம், பிரண்டோட மாமா பொண்ணு கல்யாணம், பிரண்டோட பிரண்டுக்கு அண்ணன் கல்யாணம். இலையைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவான். கூட்டு, பொரியல், அவியல், எல்லாம் இருக்கும். "பாத்தியா, நல்லா சாப்பிடுதேன்"னு எழுதியிருப்பான். இவ அதுலயும் நோண்டுவா. "உன் பிரண்டுவளுக்கு எத்தனை அக்காடா இருக்கு? நிசமாச் சொல்லு, எவளாவது பொம்பளைப் பிள்ளை பின்னால சுத்துதியா?"ன்னு கேட்டா. பிள்ளை அழாத குறை.

நான் சொன்னேன் அவகிட்ட. நான் ஊருக்கெல்லாம் பந்தி விசாரிச்சேன்லா. அந்தப் புண்ணியந்தான் எம்பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உக்கார வைக்குன்னு.

இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை அப்பங்கிட்ட முகூர்த்த நாள் கேக்கும்? இவன் கேப்பான். "இந்த மாசம் என்னைக்கெல்லாம்பா?" எனக்குக் காலண்டரே வேண்டாம், வளர்பிறை தேய்பிறை எல்லாம் நாக்கு நுனியில இருக்கும். மடமடன்னு சொல்லுவேன். அவன் ம், ம்னு கேட்டுக்கிடுவான். எழுதிக்கிடுவான் போல. ஆனி கடைசியில ஒருநா கேட்டான், "ஆடி முழுக்க ஒண்ணுங் கிடையாதாப்பா?" ஆடியில எவம்டே கல்யாணம் வைப்பான்னேன். "மார்கழி?" மார்கழியும் கிடையாதுன்னேன். பெறவு, "ஆடியில அம்மன் கோயில்ல கூழு ஊத்துவாவல்லாப்பா, அது தெனமுமா, வெள்ளிக்கிழமை மட்டுமா?"ன்னு கேக்கான். பாருங்க பக்தியை! கெமிஸ்ட்ரி படிக்குத பிள்ளை தம்பி.

அந்த ஆடி முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப ஆளு பாதியா இருந்தான். கேட்டா ஜிம்முக்குப் போறானாம். இப்பத்திய பயலுவளுக்கு ஒடம்பை வத்த வைக்கதுதான் பேஷன்.

அவனுக்குப் பந்திக் கதைன்னா உசுரு. "எப்படிப்பா வெளியாளைக் கண்டுபிடிப்ப?"ன்னு கேட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுவான். நானும் வித்தையெல்லாம் சொல்லிக் குடுத்தேன். நமக்குப் பெறவு இதையெல்லாம் யாருகிட்டச் சொல்ல? வெளியாளு யாரையும் மாமா சித்தப்பான்னு கூப்பிட மாட்டான், சார்ம்பான், அங்கிள்ம்பான். கூப்பிடத் தெரிஞ்சாலே பாதி சொந்தம். பெறவு சாதத்தை ஒரேயடியாக் குமிச்சு வாங்குவான். சொந்தக்காரன் கொஞ்சமா வாங்குவான், அவனுக்கு மறுபடி வரும்னு தெரியும். எல்லாத்துக்கும் மேல பாயசம். இப்ப எல்லா இடத்துலயும் பேப்பர் கப்புல குடுக்கான் சவம், எங்க ஆளுவ வீட்டுல அப்படிக் கிடையாது. இலையிலதான் ஊத்தணும். ஊத்தினதும் அப்பளத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைஞ்சு, வழிச்சு அடிக்கணும். வெளியாளு பாயசம் இலையில விழுந்ததும் முழிப்பான். கையைத் தூக்கிக்கிட்டு, ஓடுத பாயசத்தைப் பாத்துக்கிட்டு இருப்பான். அங்கதான் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்.

"உன்னை மாதிரி ஒருத்தரு எல்லா மண்டபத்துலயும் இருப்பாவளாப்பா?"ன்னு கேட்டான் ஒருநா. எல்லா இடத்துலயும் பந்தி கோமதி கிடைப்பானாடேன்னு சிரிச்சேன். நல்ல வேளைன்னு அவனும் சிரிச்சான்.

அப்படி இருந்த ஆளு தம்பி நான். இந்தத் தை மாசம் எல்லாம் போச்சு. சொல்லவே அலுப்பா இருக்கு. சொல்லாமலும் இருக்க முடியல.

எங்கண்ணன் மக கல்யாணம். பாளையங்கோட்டையில மண்டபம், சுத்திவர காலேஜு. நான் காலையிலயே அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன், இன்னைக்கு ஒரு பயலை விடமாட்டேன்னு. மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம், எல்லாத்துக்கும் முகத்தைத் தூக்குத ஆளுவ. சம்பந்தி சண்டை வந்துரக் கூடாதேன்னு அண்ணனுக்கு வேற உதறல்.

ரெண்டாம் பந்தி. கடைசி வரிசை. ரெண்டு பயலுவ பக்கத்துல பக்கத்துல இருக்கானுவ. ஒருத்தன் கசங்கின பனியன் மாதிரி ஒரு சட்டை, தாடி, பரட்டைத் தலை. குனிஞ்சு அள்ளி அள்ளிப் போடுதான். இன்னொருத்தன் வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு. என்னைப் பாத்ததும், "மாமா, ரசம் பிரமாதம் மாமா. நாளைக்கு மறுவீட்டுச் சொதிக்கும் இதே மாஸ்டர்தானா?"ங்கான். மறுவீட்டு விருந்துக்குத் தேங்காப்பால்ல வைக்குத எங்க ஊருக் குழம்பு அது, சொதின்னு ஒரு வார்த்தை வெளியாளு வாயில வருமா? எனக்குக் குளுந்து போச்சு. இவனுக்கு இன்னொரு அப்பளம் போடுங்கடேன்னு நானே சொல்லி, பாயசமும் ரெண்டாந்தரம் என் கையால ஊத்தினேன். அப்பளத்தை நொறுக்கினான், பழத்தைப் பிசைஞ்சான், வழிச்சான் பாருங்க, நம்ம ரத்தம்லான்னு நெனச்சேன். போகும்போது கூட்டத்துல மறந்திருவோம்னு தாம்பூலப் பையைக்கூடக் கொண்டாந்து கையில குடுத்துட்டேன்.

பரட்டைத் தலைக்கு ஊத்தினேன். திடுக்குன்னு கையைத் தூக்கிட்டான். "கப் இல்லையா அங்கிள்?"

அங்கிள்! போதும்லா? முதுகுல கையை வச்சேன். "யாரு வீட்டுப் பிள்ளைய்யா நீ?"ன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். "மாப்பிள்ளை சைடு"ன்னான். எல்லாவனும் சொல்லுததுதானே. மாப்பிள்ளை பேரு சொல்லுன்னேன். முழிக்கான். பெறவு, "பப்பு அண்ணா"ங்கான். மாப்பிள்ளை பேரு சுந்தரலிங்கம் தம்பி. பப்புவாம்! எந்திரிடேன்னேன்.

இலையில இருந்து ஒருத்தனை எழுப்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அன்னைக்கு எழுப்பாம விட்டா நாளைக்கு எவனும் பயப்பட மாட்டான். எச்சிக் கையோட வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன். எதுக்க ஒரு அம்மா பட்டுச் சேலையில வாரா. மாப்பிள்ளையோட சொந்த அத்தை. "எம்பிள்ளையை எங்கவே இழுத்துட்டுப் போறேரு?"ன்னு போட்டா பாருங்க ஒரு சத்தம், நாதஸ்வரம் நின்னுட்டு.

அவ மவன்தான். ஓசூர்ல பெறந்து வளந்தவனாம். அங்க ஏதோ காலேஜு ஆஸ்டல்ல இருந்து பஸ்ஸேறி நேரே மண்டபத்துக்கு வந்திருக்கான். மாப்பிள்ளைக்கு வீட்டுல செல்லப் பேரு பப்புவாம். இது எனக்கு எப்படித் தெரியும்? அழைப்பிதழ்ல பப்புன்னா போட்டிருந்தாவ?

மாப்பிள்ளை வீட்டு ஆளுவ மொத்தமா இலையை விட்டு எந்திச்சிட்டாவ. பந்தி பூராவும் பாதி தின்ன இலை. எங்கண்ணன் கும்பிட்ட கையை இறக்கல. மாப்பிள்ளையோட அப்பா மாலையைக் கழத்திட்டுக் கெளம்பிருவோமாங்காரு. அப்பத்தான் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் எந்திரிச்சு வாரான். நேரே எங்கிட்ட வந்து, "மாமா, அவரு உங்க ஆளுதான். வெளியாளு நான்தான். பக்கத்து ஆஸ்டல். அவரை உக்கார வச்சுச் சாப்பிடச் சொல்லுங்க"ன்னான்.

எப்படி இருக்கும் எனக்கு? என் கையால ஊத்தின பாயசம் தம்பி! ரெண்டு தரம்! நம்ம ரத்தம்னு நெனச்சு ஊத்தினது. விட்டேன் கன்னத்துல ஒரு அறை. வேற என்ன செய்யச் சொல்லுதிய? அவன் திரும்பிப் போயி இலையை மடிச்சான். ஒழுங்கா, தன் பக்கமா மடிச்சான். கையைக் கழுவினான். தாம்பூலப் பையை மேசையில வச்சுட்டுப் போயிட்டான். திமிரைப் பாத்தியளா? தப்பைச் செஞ்சுட்டு ஓடியாவது போகணும்லா?

எப்படியோ காலைக் கையைப் பிடிச்சு மாப்பிள்ளை வீட்டாரை உக்கார வச்சாவ. எங்கண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கோமதி, நீ இனிமே எந்த வீட்டுப் பந்திப் பக்கமும் போவாத"ன்னான். கூடப் பெறந்தவன்.

அன்னைக்கே சைலத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். வேற யாருகிட்டச் சொல்லி ஆத்த? எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு, "அடிச்சியாப்பா?"ன்னான். ஆமா, அடிச்சேன்னேன். "அவன் சாப்பிட்டு முடிச்சிருந்தானா?"ன்னு கேக்கான்.

இதையா தம்பி கேக்கது? அப்பன் ஊரு முன்னால நாறிப் போயி நிக்கேன், அவன் எவனோ ஒரு ஓசிச் சாப்பாட்டுக்காரன் வயித்தைப் பத்தி விசாரிக்கான். போனை வச்சுட்டேன். அவனும் கொஞ்ச நாளா முகூர்த்தம் கேக்கல. பெறவு கேட்டான்.

அதுக்குப் பெறவு யாரும் என்னை விசாரிக்கக் கூப்பிடல. பத்திரிகை வரும். போவேன். மொதப் பந்தியில ஒரு மூலையில உக்காந்துக்கிடுவேன். எவனோ சின்னப் பயலுவ கரண்டியைப் பிடிக்கத் தெரியாமப் பிடிச்சுக்கிட்டு நிப்பானுவ. என்னை யாரும், "வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம்"னு சொல்லுததில்ல. சோறு எறங்காது தம்பி. இலை நெறைய இருக்கும், எறங்காது. யாரும் விசாரிக்காமச் சாப்பிடுத சாப்பாடு இருக்கே, அது பெரிய கொடுமை. உங்களுக்கு அதெல்லாம் தெரிய நியாயம் இல்ல, சின்ன வயசு.

இப்ப எதுக்குத் திருச்சிக்குப் போறேங்கியளா? அதுக்குத்தானே வாரேன்.

எம் வீட்டுக்காரிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தரு, சண்முகவேலுன்னு, திருச்சியில பாத்திரக்கடை வச்சிருக்காரு. போக்குவரத்து ரொம்பக் கிடையாது. சைலம் காதுகுத்துக்கு வந்தது, அதோட சரி. இவனுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவன் முகம் தெரியாது. அவரு மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். மண்டபம் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துல. மூத்தவ கல்யாணத்தையும் அங்கதான் வச்சாரு. அன்னைக்குப் பயலுவ கூட்டமா வந்து உக்காந்து, மூணாம் பந்திக்கு வெறும் ரசஞ்சோறு போட்டிருக்காவ. சம்பந்தி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதாராம். அதான் போன் போட்டாரு. "மச்சான், நடந்ததெல்லாம் கேள்விப்பட்டேன். அது கெடக்கட்டும். பயலுவளைப் பிடிக்க உங்களை விட்டா ஆளு கிடையாது. நீங்கதான் வந்து நிக்கணும்."

நான் போனை வச்சுட்டு அழுதுட்டேன் தம்பி. வீட்டுக்காரிக்குத் தெரியாம கொல்லைப் பக்கம் போயி நின்னு அழுதேன். ஒரு மனுஷனுக்கு ஒரு வேலைதான் தெரியும். அதையும் பறிச்சுட்டா அவன் என்னத்துக்கு ஆவான்? கடையும் போச்சு, பந்தியும் போச்சு. நாளைக்கு ஒருத்தனை, ஒரே ஒருத்தனை, கையும் களவுமாப் பிடிச்சு மேடைக்கு முன்னால நிறுத்திட்டேன்னா எம்பேரு எனக்குத் திரும்பக் கெடைச்சிரும். பாளையங்கோட்டை வரைக்கும் சேதி போகும். அண்ணன் காதுல விழும்.

பிடிச்சா விடக் கூடாதுன்னு மச்சான் சொல்லிட்டாரு. மண்டபத்துக்காரரு போலீஸ் ஸ்டேஷன்லயும் சொல்லி வச்சிருக்காராம். ஒருத்தனைக் குடுத்தாத்தான் மத்தவனுவளுக்குப் பயம் வரும். கேஸு கீஸுன்னு ஆனா படிப்பு போயிருமேங்கியளா? போவட்டும். அவனவன் அப்பன் யோசிச்சிருக்கணும் அதை.

இந்தத் தடவை ஏமாற மாட்டேன். தை மாசத்துல நான் ஒண்ணு படிச்சுக்கிட்டேன். தப்புத் தப்பாச் சாப்பிடுதவன் சொந்தக்காரன். அவனுக்கு என்ன பயம்? ரொம்பச் சரியாச் சாப்பிடுதான் பாருங்க, மாமான்னு வாய் நெறையக் கூப்பிட்டு, கொஞ்சங் கொஞ்சமாச் சோறு வாங்கி, அப்பளத்தைப் பக்குவமா நொறுக்கி, அவன்தான் திருடன். அவனுக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். நாளைக்கு அந்த மாதிரி ஒருத்தனைத்தான் தேடப் போறேன்.

சைலத்துக்கு நான் வாரது தெரியாது. சொல்லல. சொன்னா, பரீட்சையை விட்டுட்டு, நானும் வந்து கரண்டி பிடிக்கேன்பான். பந்தியெல்லாம் முடிஞ்ச பெறவு ஆஸ்டலுக்குப் போயி கதவைத் தட்டணும். திறந்ததும் முகத்தைப் பாக்கணும். இந்தப் பையி அவனுக்குத்தான். இட்லிப் பொடியை நல்லெண்ணெயில குழைச்சு வச்சிருக்கா, முறுக்கு, அதிரசம். அதிரசம்னா உசுர விடுவான். வீடியோவுல வாடான்னா நெட்டு இல்லம்பான், பாத்து மாசக்கணக்காச்சு.

அவனுக்கும் நாளைக்குக் கல்யாணம் இருக்கு. நேத்து போன் போட்டுக் கேட்டான், "நாளைக்கழிச்சு நல்ல முகூர்த்தந்தானேப்பா?" நல்ல முகூர்த்தம், ஊரு பூராக் கல்யாணந்தான்னேன். பிரண்டோட அக்காவுக்காம். எந்த மண்டபம்டேன்னேன். "பக்கத்துலதாம்ப்பா, நடந்தே போயிரலாம்"னான். வெள்ளைச் சட்டையைத் தேச்சுப் போட்டுட்டுப் போ, நெத்தியில திருநீறு பூசிக்கோ, நாலு பேரு மதிப்பாவன்னு சொன்னேன். சரிப்பான்னான்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய?

சாதம் பாதியிலயே நிக்குதே. மடிச்சு வைக்கியளே, ராத்திரிக்கா? அப்படியெல்லாம் வைக்காதிய, ஊசிப் போயிரும். வேணும்னா இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துக்கிடுங்க. எனக்குப் பசிக்கல. நீங்களும் அந்த யுனிவர்சிட்டிதானா? முதல்லயே சொல்லக் கூடாதா? சிவசைலத்தைத் தெரியுமா, கெமிஸ்ட்ரி? தெரியாதா. பெரிய இடம், எப்படித் தெரியும்.

என்னது? போன் பண்ணவா? யாருக்கு? சைலத்துக்கா? வாரேன்னு சொல்லவா? எதுக்கு இப்ப? நீங்க என்ன தம்பி, இதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதிய. மண்டபத்துப் பேரைச் சொல்லவா? அவங்கிட்ட எதுக்கு அந்த மண்டபத்துப் பேரைச் சொல்லணும்? அவன் அங்க வர மாட்டான். அவனுக்குக் கூப்பிடுத வீடு ஆயிரம் இருக்கு. நான்தான் சொன்னேம்லா.

போனை எடுத்து நான் என்னன்னு கேப்பேன்? எய்யா, நாளைக்கு உன்னை நிசமாவே கூப்பிட்டிருக்காவளான்னா? ஒரு அப்பன் பிள்ளையைப் பாத்துக் கேக்குத கேள்வியா அது? கேட்டா அவன் என்ன சொல்லுவான்? கூப்பிட்டிருக்காவப்பாம்பான். அதுக்குமேல நான் என்ன செய்ய?

விடுங்க. உங்களுக்கு எங்க வீட்டு விஷயம் தெரியாது. நான் எம்பிள்ளையைச் சொல்லல, மத்தவனுவளைச் சொல்லுதேன்.

நான் கொஞ்சம் கண்ணை மூடுதேன் தம்பி. கழுத்து வலிச்சா வலிச்சுட்டுப் போவட்டும். நாளைக்கு நாள் பூரா நிக்கணும். ரெண்டாம் பந்தி, கை கழுவுத இடத்துப் பக்கம், கடைசி வரிசை. அங்கதான் நிப்பேன். ஒரு வெள்ளைச் சட்டை குனிஞ்சு உக்காந்திருக்கும். பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருக்கும். நான் பின்னால போயி முதுகுல கையை வைப்பேன். அடிக்கல்லாம் மாட்டேன், இந்தத் தடவை அடிக்க மாட்டேன். மெதுவாத்தான் கேப்பேன்.

யாரு வீட்டுப் பிள்ளைய்யா நீ?